கோஸ்டருக்குள் வீடு: கட்டில் எங்கே, ஓட்டை எங்கே?

மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிகுடியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். குடும்பத்தில் ஐந்து பேர்: அவர், மனைவி, 9 வயதிலும் 6 வயதிலும் இரண்டு பிள்ளைகள், முழங்கால் நோவோடு 70 வயது அம்மா. பழைய வாகனமொன்றை வாங்கி உள்ளே படுக்கை, குசினி எல்லாம் வைத்து, விடுமுறைக்குப் பாசிக்குடா, அறுகம்பை, கதிர்காமம் என்று போய்வர ஆசை. டொயோட்டாவின் கே.டி.எச். உயர்கூரை வான் எடுப்பதா, கோஸ்டர் பஸ் எடுப்பதா, கட்டிலைக் குறுக்கே போடுவதா நெடுக்கே போடுவதா, ட்ரைவர் தலைக்கு மேலே வெளியே நீட்டி ஒரு படுக்கைப் பெட்டி கட்டலாமா என்பது முதற் கேள்வி. மழைக்கு ஒழுகாமலிருக்க எந்தக் கம்பனிச் சிலிக்கன் நல்லது என்பது இரண்டாவது.

இரண்டும் வேறு வேறு கேள்வி மாதிரித் தெரியும். எனக்கு அது ஒரே கேள்விதான். உள்ளே எதை எங்கே வைக்கிறீர்கள் என்பதுதான் கூரையில் எத்தனை இடத்தில் வெட்டப் போகிறீர்கள் என்பதைத் தீர்மானிக்கிறது. வெட்டிய இடத்துக்குப் பின்னாளில் உங்கள் கை எட்டுமா, அல்லது அலுமாரிக்குப் பின்னால் ஒளிந்துவிடுமா என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது. சிலிக்கன் எல்லாம் அதற்குப் பிறகு வருகிற கதை.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. பதினாறு வயதில் மாமாவின் கராஜில் பஸ் பொடி கட்டும் வேலைக்குப் போனேன். பிறகு இங்கிலாந்தில் 11 வருடம், காரவன், மோட்டார்ஹோம் பழுதுபார்க்கும் ஒரு பட்டறையில். அங்கே என் வேலையில் முக்கால்வாசி ஈரம் தேடுவதுதான். இப்போது கல்லடியில் வருடத்துக்கு இரண்டு மூன்று வாகனம் செய்து கொடுக்கிறேன். உங்கள் வாகனத்தைப் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வயரிங்கும் காஸ் பொருத்துவதும் என் தொழில் இல்லை, ஆகவே அவற்றைத் தொட்டுவிட்டுப் போவேன், அவ்வளவுதான்.

முதலில் அந்தத் தலைக்கு மேல் பெட்டி. பட்டறையில் நான் சேர்ந்த முதல் வாரம், எட்டே வருடமான ஒரு மோட்டார்ஹோம் வந்தது. நீங்கள் கேட்கிற மாதிரியே முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும் படுக்கை. கொண்டுவந்தவர்கள் ஒரு வயதான தம்பதி. உள்ளே பழைய புத்தக வாசனை அடிக்கிறது என்பது மட்டும்தான் அவர்களுடைய முறைப்பாடு. சுவரில் கறை இல்லை, மெத்தையும் காய்ந்துதான் கிடந்தது. என்னோடு நின்ற மூத்த வேலைக்காரர் மெத்தையைத் தூக்கிவிட்டு, மூலையில் சுவர்த்தாளைப் பெருவிரலால் மெல்ல அமத்தினார். விரல் உள்ளே போனது. தாளைக் கீறிப் பார்த்தால் அங்கே மரச்சட்டம் என்று ஒன்று மிச்சமில்லை, கறுத்துப்போன பிட்டு மாதிரி ஏதோ கையில் உதிர்ந்தது. ஸ்குரூட்ரைவரைக் குத்தினார், அது பிடிவரைக்கும் போய் வெளித்தகட்டில் முட்டி நின்றது. வெளியே ஏணி வைத்துப் பார்த்தோம். மூலைப் பட்டியில் ஒரேயொரு ஸ்குரூ, அதன் தலையைச் சுற்றி மயிரிழை அளவில் வெடிப்பு. தண்ணீர் போன வழி அதுதான்.

அந்த இடம் ஏன் அப்படி ஒழுகுகிறது என்றால், அங்கே முன்தகடு, பக்கத்தகடு, அடித்தகடு மூன்றும் ஒரு மூலையில் சந்திக்கின்றன. ஓடும்போது மழை மேலிருந்து விழுவதில்லை, எதிர்க்காற்று அதைப் பொருத்துக்குள் அழுத்தி ஏற்றுகிறது. ரோட்டுக் குழியில் இறங்கி ஏறும்போது முன்பக்கம் ஒரு விதமாகவும் பின்பெட்டி இன்னொரு விதமாகவும் முறுகுகிறது. கம்பனியில் அச்சு வைத்துச் செய்ததே எட்டு வருடத்தில் உக்கிப்போனால், நாங்கள் கராஜில் வெல்டிங் அடித்துக் கட்டுவது எத்தனை மாரிக்குத் தாக்குப்பிடிக்கும்? பிள்ளைகளுக்கு அது ஆசையாகத்தான் இருக்கும். இருந்தாலும் வேண்டாம். அம்மாவுக்கு ஏணி ஏற முடியாது, பிள்ளைகள் ஐந்து வருடத்தில் அதற்குள் அடங்க மாட்டார்கள், ஒழுகல் மட்டும் நிரந்தரமாக இருக்கும்.

மோட்டார்ஹோம் எங்களுக்குப் புதிது என்றும் நினைக்க வேண்டாம். நான் சின்னப் பையனாக இருந்தபோது லொறியில் வைக்கோல் பரப்பி, பாய் விரித்து, மேலே படங்கு கட்டி, அரிசி மூட்டை, கிடாரம், தேங்காயோடு மூன்று குடும்பம் கதிர்காமம் போகும். வழியில் ஆற்றைக் கண்டால் அடுப்பு மூட்டுவார்கள். அந்தப் படங்கு ஒரு நாளும் ஒழுகியது எனக்கு ஞாபகமில்லை. காரணம் வேறொன்றுமில்லை, அதில் யாரும் ஓட்டை போடவில்லை.

இனி, வானா கோஸ்டரா? படுக்கையை எண்ணும் முன் சீட்டை எண்ணுங்கள். ஓடும்போது ஐந்து பேருக்கும் பெல்ட் போட்ட, முன்னோக்கிய ஐந்து சீட் வேண்டும். பிள்ளைகளைக் கட்டிலில் படுக்க வைத்துக்கொண்டு ஓடுவது நடக்கிற காரியமாக இருக்கக் கூடாது. இந்தக் கணக்கிலேயே சின்ன கே.டி.எச். விழுந்துவிடும். அதன் வெளி நீளம் 4.7 மீட்டர், அகலம் 1.7 மீட்டர். ஐந்து சீட் போட்ட பிறகு ஐந்து பேருக்குப் படுக்கை எங்கே? நீட்டு உயர்கூரை கே.டி.எச்.சின் வெளி அகலம் 1.88 மீட்டர். இருபுறமும் வெப்பத்தடுப்பும் பலகையும் அடித்தால் உள்ளே ஐந்தரை அடி தேறினால் அதிகம். அதில் குறுக்கே படுக்கும் ஒரு நடுத்தர உயரமான ஆள் காலை மடக்கித்தான் விடிய வேண்டும். நீட்டு கோஸ்டர் கிட்டத்தட்ட 7 மீட்டர், வெளி அகலம் 2 மீட்டரைச் சற்றுத் தாண்டும். பலகை அடித்த பிறகும் உள்ளே ஆறடிக்குச் சற்றுக் குறைவாக வரும். ஐந்து பேர் என்றால் கோஸ்டர்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. நீங்களும் மனைவியும் மட்டும் என்றால் என் பதில் வேறு. இரும்பு உடம்பு முழுதாக இருக்கும் வானைப்போல மழைக்குப் பயப்படாத வாகனம் இல்லை.

கோஸ்டருக்குள் நான் போடுவது இப்படி. ட்ரைவருக்குப் பின்னால் பஸ்சின் அசல் இரட்டை சீட் இரண்டு வரிசையை அதனதன் போல்ட்டிலேயே விட்டுவிடுவேன். இரவில் இடையில் பலகை போட்டு மெத்தை விரித்தால் பிள்ளைகளின் படுக்கை அதுதான். அதற்குப் பின்னால் இடப்பக்கம், ஏறும் கதவைத் தாண்டி, அம்மாவுக்கு நெடுக்கே ஒரு வாங்கு: 6 அடி நீளம், இரண்டேகால் அடி அகலம், தரையிலிருந்து 45 சென்டிமீட்டர் உயரம். இந்த உயரம் முக்கியம். அதைவிடத் தாழ்ந்தால் முழங்கால் நோவுக்காரருக்கு எழும்ப முடியாது. குறுக்குக் கட்டிலின் உள்பக்கத்தில் அம்மாவைப் போட்டால் இரவில் இரண்டு தரம் எழும்பும்போது இன்னொருவரைத் தாண்டித்தான் போக வேண்டும். நெடுக்குக் கட்டிலில் காலைக் கீழே வைத்தால் நடைபாதை. வலப்பக்கம் அதற்கு எதிரே குசினி. கடைசியில், குறுக்கே, உங்கள் இருவருக்கும் நாலரை அடி அகலத்தில் நிலையான கட்டில், அதன் கீழே சாமான் அறை. தினமும் மேசையை மடித்துக் கட்டில் ஆக்கும் வேலை முதல் பயணத்தில் விளையாட்டாக இருக்கும், மூன்றாவது பயணத்தில் சண்டை வரும். ஆகவே பெரியவர்களுக்கு நிலையான கட்டில்.

தண்ணீர்த் தாங்கியைப் பின்சில்லுக்குப் பின்னால் தொங்க விடாதீர்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ, 100 லிட்டர் தாங்கி என்றால் 100 கிலோவை எப்போதும் பின்னால் ஏற்றி வைத்த மாதிரி. இரண்டு அச்சுக்கும் இடையில், தரையோடு, அம்மாவின் வாங்குக்குக் கீழே வைத்தால் அழகாக அடங்கும். பற்றரியை எதிர்ப்பக்கம் வைத்துப் பாரத்தைச் சமப்படுத்தலாம்.

குளியலறை கேட்டிருக்கிறீர்கள். இங்கேதான் நான் பலரோடு முரண்படுகிறேன். உள்ளே ஒரு குளியலறை என்றால் தரையில் வடிகால் ஓட்டை, கூரையில் காற்றோட்ட ஓட்டை, சுவரெல்லாம் பொருத்து, காலடியில் வெடிக்கக் காத்திருக்கும் ஒரு தட்டு. குளிருக்குள் வாழ்கிறவர்களுக்கு அது தேவை. 30 பாகை வெயிலில், போகிற இடமெல்லாம் கிணறும் ஆறும் கடலும் இருக்கிற எங்களுக்கு எதற்கு? பின்கதவில் ஒரு கைஷவரும் சுற்றிவரத் திரைச்சீலையும் போதும். கழிப்பறை வேண்டும், அதுவும் அம்மாவுக்கு இரவில் கட்டாயம் வேண்டும். அதற்குத் தனியாகத் தூக்கக்கூடிய கொமட் பெட்டி இருக்கிறது, ஓட்டை எதுவும் தேவையில்லை, வாங்குக்குப் பக்கத்தில் இழுப்பறை மாதிரிச் செய்து வைத்துவிடலாம். இல்லை, குளியலறை இருந்தே ஆக வேண்டும் என்று வீட்டில் தீர்ப்பு வந்துவிட்டால், பலகையில் கட்டி ஃபோர்மைக்கா ஒட்டாதீர்கள். கரையோரமெல்லாம் ஃபைபர் படகு கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் அளவு கொடுத்துத் தரையும் அரைச்சுவரும் சேர்ந்த ஒரே துண்டாக வார்த்துத் தரச் சொல்லுங்கள். பொருத்தே இல்லாவிட்டால் பொருத்து ஒழுகாது.

இப்போது கூரையில் எத்தனை ஓட்டை என்று எண்ணிப் பாருங்கள். என் கணக்கில் ஒன்று: 40 சென்டிமீட்டர் சதுரக் காற்றாடி, நடைபாதைக்கு நேர் மேலே. ஒழுகினால் கட்டிலில் விழாது, தரையில் விழும், முதல் துளியிலேயே தெரிந்துவிடும். சோலார் தகட்டின் வயரைக் கூரையைத் துளைத்து இறக்கத் தேவையில்லை, பின்பக்கத்தில் செங்குத்துத் தகட்டால், வயர் உள்ளே நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு தொங்கவிட்டு எடுங்கள். தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். சோலார் கால்களை ஸ்குரூ இல்லாமல் ஒட்டலாம். மேலே சாமான் கரியர் வேண்டாம். எங்களூர் பழைய பஸ்களில் மழைக்குக் குடை பிடித்துக்கொண்டு இருந்திருப்பீர்கள். பாதி ஒழுகல் அந்தக் கரியர் கால்களின் போல்ட்டிலிருந்துதான் வரும்.

கட்டிலுக்கு மேலே வரிசையாக அலுமாரி அடிப்பதும் நான் தவிர்க்கிற ஒன்று. கூரையும் சுவரும் சேரும் பொருத்து ஓடுவது அந்த வரியில்தான். அலுமாரி அடித்தால் அதைப் பிறகு யாரும் பார்க்கப் போவதில்லை. அடித்தே ஆக வேண்டுமென்றால் பின்பலகை போடாமல் விடுங்கள். சுவர்ப்பலகைகளைப் பசை போட்டு ஒட்டாமல் ஸ்குரூவில் நிறுத்துங்கள். பத்து நிமிடத்தில் கழற்ற முடிகிற பலகை உங்களுக்குப் பிற்காலத்தில் மிச்சப்படுத்தும் பணம் கொஞ்சமல்ல.

சரி, சிலிக்கன். நேரடியான பதில்: எந்தக் கம்பனியும் வேண்டாம். ஹாட்வெயார் கடையில் கிடைக்கிற சாதாரணச் சிலிக்கனைப் பிதுக்கினால் வினாகிரி மணக்கும். அந்த அமிலம் இரும்பையும் அலுமினியத்தையும் அரிக்கத் தொடங்கிவிடும். அதைவிடப் பெரிய தொல்லை, சிலிக்கன் பட்ட இடத்தில் பிறகு வேறொன்றும் ஒட்டாது, பெயின்ட்கூடப் பிடிக்காது. சுரண்டி எடுத்தாலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு படை நிற்கும். மற்றவர்கள் சிலிக்கன் அடித்துவிட்டுக் கொண்டுவந்த வாகனங்களில் அதை அகற்றுவதற்கே எனக்கு இரண்டு நாள் போயிருக்கிறது.

எங்கள் ஊரில் கிடுகு வேய்கிறவரைப் பார்த்திருப்பீர்கள். இறவாணத்திலிருந்து தொடங்கி முகட்டுக்கு ஏறுவார். மேல் கிடுகு கீழ்க் கிடுகை மூடும், தண்ணீர் தானாக வழுக்கிப் போகும். அவர் கையில் பசை கிடையாது. நல்ல பொருத்தும் அதே புத்திதான்: தகடு தகட்டை மூட வேண்டும், தண்ணீர் தேங்காமல் ஓட வேண்டும், பசை துணைக்கு மட்டும். இரண்டு தகட்டுக்கு இடையில், காற்றாடியின் விளிம்புக்குக் கீழே, எப்போதும் காயாமல் மென்மையாகவே இருக்கும் பியூட்டைல் றப்பர் நாடா. வாகனம் முறுகும்போது அதுவும் சேர்ந்து இழுபடும், வெடிக்காது. நிரந்தரமாக ஒட்ட வேண்டிய இடத்துக்கு, கார்க் கண்ணாடி பொருத்துகிற கடைகளில் பாவிக்கும் பொலியூரத்தேன் பசை. அது காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துத்தான் இறுகும், ஒரு நாளைக்கு 3 மில்லிமீட்டர் அளவில், ஆகவே பூசிய அன்றே ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். வெயில் நேரே பட்டால் மேற்பரப்பு வெளிறிப் பொடியாகும், மேலே பெயின்ட் அடித்துவிடுங்கள். வெயிலில் வெளித்தெரியும் இடத்துக்கு எம்.எஸ். பொலிமர் என்ற வகைப் பசை இன்னும் நன்றாக நிற்கும். பிளாஸ்ரிக் ஜன்னல் போடுவதென்றால் பொலியூரத்தேன் வேண்டாம், அக்ரிலிக்கில் வெடிப்பு விழக்கூடும், பியூட்டைல் மட்டும்.

கூரையை வெட்டியதும் அரத்தூளைத் துடைத்தெடுங்கள். ஒரு இரவு கிடந்தால் போதும், எங்களூர் உப்புக்காற்றில் தூள் ஒவ்வொன்றும் ஒரு கறள் புள்ளி. வெட்டிய விளிம்புக்குப் பிரைமர் பூசாமல் எதையும் ஒட்டக் கூடாது. கூரைத் தகட்டில் நெடுக வரிவரியாகப் பள்ளம் இருந்தால் காற்றாடியின் விளிம்பு மேட்டில்தான் உட்காரும், பள்ளத்தால் தண்ணீர் கீழே நுழையும். முதலில் பள்ளத்தை நிரவ வேண்டும். பொடி வேலை செய்பவர் பொப் றிவெற் அடித்தால் அதன் நடுவிலிருக்கும் ஊசித்துளையும் ஒரு ஓட்டைதான் என்பதை மறக்க வேண்டாம். நுனி மூடிய றிவெற் கேளுங்கள், கிடைக்காவிட்டால் ஒவ்வொன்றின் தலைக்கும் மேலே பூசச் சொல்லுங்கள். அலுமினியத் தகடு இரும்புச் சட்டத்தில் நேரே படவும் கூடாது. உப்பு ஈரம் நடுவில் சேர்ந்தால் இரண்டு உலோகமும் பற்றரி மாதிரி வேலை செய்து அலுமினியம் வெள்ளைப் பொடியாகும்.

கோஸ்டருக்கென்று ஒரு தனி நோய் உண்டு, இழுக்கும் ஜன்னல். கண்ணாடி ஓடும் தவாளிப்புக்குள் மழைத்தண்ணீர் வருவது இயல்பு. அது வெளியே வடிய அடியில் சிறு துளைகள் இருக்கின்றன. கடற்கரை மணலும் தூசியும் அவற்றை அடைத்துவிட்டால் தவாளிப்பு நிரம்பி உட்பக்கமாக வழியும். எல்லோரும் உடனே றப்பரைக் குறை சொல்லி மாற்றப் போவார்கள். ஒரு ஈர்க்கை முறித்து அந்தத் துளைகளில் விட்டு ஆட்டுங்கள், பிறகு ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். வெளியே சரசரவென்று வழிந்தால் வேலை முடிந்தது. துளையை மூடிச் சிலிக்கன் அடித்து வைத்திருந்த வாகனத்தையும் பார்த்திருக்கிறேன். அப்படி அடைத்த ஜன்னலுக்குக் கீழ்ச்சட்டம் முழுக்கக் கறள்.

உள்ளே ஈரம் கண்டதும் ஒழுகல் என்று முடிவு கட்டவும் வேண்டாம். தூங்குகிற ஆளின் மூச்சிலும் வியர்வையிலும் இரவு முழுக்க ஆவி வருகிறது, ஐந்து பேர் என்றால் விடியுமுன் ஒரு லிட்டரைத் தாண்டும். ஒரு கிலோ காஸ் எரிந்தால் 1.6 கிலோ அளவில் தண்ணீர் ஆவியாக வெளியே வரும். இரவில் வெறும் தகட்டுக் கூரை குளிர்ந்தால் அந்த ஆவி அங்கே படிந்து சொட்டும். மழை பெய்யாத இரவிலும் சொட்டினால் அது உங்கள் மூச்சுத்தான். காற்றாடியைப் போட்டு, எதிர்ப்பக்கம் ஒரு ஜன்னலை இரண்டு விரல் திறந்து வையுங்கள். ஏ.சி. போட்டால் கதை தலைகீழாகும்: வெளிக்காற்றின் ஆவி குளிர்ந்த குழாயிலும் தகட்டிலும் படியும். ஏ.சி.யின் வடிகுழாய் அடைபட்டு உள்ளே கொட்டுவதைக் கூரை ஒழுகல் என்று நினைத்துக் கூரையைப் பிரித்தவர்களும் உண்டு. வெப்பத்தடுப்புக்குத் தண்ணீர் உறிஞ்சாத, மூடிய குமிழ் கொண்ட ஃபோம் தகடு போடுங்கள். கண்ணாடிக் கம்பளி நனைந்தால் ஈரச்சாக்கு மாதிரி வருடக்கணக்கில் பிடித்து வைத்திருக்கும். தெளிக்கும் ஃபோம் அதைவிட மோசம், சட்டத்தின் வடிகால் துளைகளை அடைத்துவிடும்.

குழாய் ஒழுகல் பற்றிச் சுருக்கமாக. வீட்டுக்குப் போடும் பி.வி.சி. குழாயையும் பசையையும் வாகனத்தில் போட்டால் அதிர்வில் முழங்கையில் வெடிக்கும். வளையக்கூடிய குழாய் போட்டு, ஒவ்வொரு பொருத்தும் கண்ணுக்குத் தெரியும்படி விடுங்கள். எந்தக் குழாயையும் திறக்காமலே இரவில் 12 வோல்ட் பம்ப் 'டுர்' என்று ஒரு தரம் ஓடி நின்றால் எங்கோ அழுத்தம் குறைகிறது, அந்த இரவிலேயே டோர்ச்சை எடுங்கள். காஸ் சிலிண்டரை வாழும் இடத்துக்குள் திறக்காத, வெளிக்கதவு மட்டும் உள்ள தனிப் பெட்டியில் வைத்து, அடியில் வெளியே போகும் துவாரம் விடவேண்டும். காஸ் காற்றைவிடப் பாரமானது, தரையில்தான் தேங்கும். இந்த ஓட்டையை மட்டும் யாரும் அடைக்கக் கூடாது. மிச்சத்தைத் தெரிந்த ஆளைக் கொண்டு செய்யுங்கள்.

தண்ணீர் நுழையும் இடமும் சொட்டும் இடமும் ஒன்றாக இருக்காது. இரண்டு வருடத்துக்கு முன், கார்த்திகையில், நானே செய்த ஒரு கோஸ்டரில் பின்கட்டிலின் கால்மாட்டில் ஈரம். பின்பக்கப் பொருத்துகளை மூன்று தரம் பூசினேன், ஈரம் நிற்கவில்லை. கடைசியில் சீலிங் பலகையைக் கழற்றி, சட்டங்களில் முகப்பவுடரைத் தூவிவிட்டு மழைக்குக் காத்திருந்தேன். காலையில் பவுடரில் பாம்பு ஊர்ந்த மாதிரி ஒரு கோடு, முன்கூரையின் அடையாள லைட்டில் தொடங்கி சட்டம் வழியே மூன்று மீட்டருக்கு மேல் ஓடியிருந்தது. முற்றத்தில் வாகனம் பின்சரிவாக நின்றிருக்கிறது, அவ்வளவுதான். லைட்டின் கீழ் றப்பரை நான்தான் மாற்றாமல் விட்டிருந்தேன். அன்றிலிருந்து வேலை முடிந்ததும் குழாய் பிடித்துச் சோதிப்பேன், கிடுகு வேய்கிறவர் மாதிரியே கீழிருந்து மேலே. ஒரு பொருத்துக்குப் பத்து நிமிடம், உள்ளே ஒருவர் டோர்ச்சோடு. முதலிலேயே கூரையில் பீச்சினால் எல்லாம் நனைந்து எது குற்றவாளி என்று தெரியாமல் போகும்.

ஈரமானி ஒன்று வாங்கலாமா என்று சிலர் கேட்பார்கள். இங்கிலாந்தில் 15 சதவீதத்துக்குள் என்றால் நிம்மதி, 20ஐத் தாண்டினால் தேடத் தொடங்குவோம், 30 என்றால் பலகையைப் பிரிப்போம். அந்த எண்களை இங்கே அப்படியே எடுக்கக் கூடாது. காற்றில் 80 சதவீத ஈரப்பதம் இருக்கிற ஊரில் நல்ல காய்ந்த பலகையே 16 அளவில் காட்டும், உப்புப் படிந்திருந்தால் மானி இன்னும் கூட்டிக் காட்டும். ஆகவே ஒரே பலகையில் பல இடத்தில் வைத்து ஒப்பிடுங்கள். எல்லா இடமும் 17, ஒரு மூலை மட்டும் 26 என்றால் அந்த மூலைதான்.

அறுகம்பைப் பருவம் சித்திரை வைகாசி தொடங்கி ஐப்பசி வரை. நீங்கள் பயணம் போகும் காலமெல்லாம் கிழக்கில் பெரும்பாலும் வெயில்தான். வாகனம் நனையப்போவது பயணத்தில் இல்லை, மாரியில் உங்கள் முற்றத்தில், உள்ளே யாரும் இல்லாதபோது. லண்டனில் ஒரு வருடத்துக்கு விழும் மழை 600 மில்லிமீட்டர் அளவு. மட்டக்களப்பில் 1,600ஐத் தாண்டும், அதில் பெரும்பகுதி ஐப்பசிக் கடைசியிலிருந்து தைக்குள் கொட்டித் தீர்ந்துவிடும், வாடைக்காற்றோடு சரிந்து. ஆகவே உங்கள் செலவுப் பட்டியலில் முதல் வரியாக ஒரு கொட்டிலை எழுதுங்கள். நாலு தூண், மேலே தகரமோ கிடுகோ. எந்தப் பசையும் அதற்கு ஈடில்லை. படங்கை வாகனத்தின் மேலேயே இழுத்துக் கட்டாதீர்கள், காற்றில் அடித்தடித்துப் பெயின்ட்டைத் தேய்க்கும், உள்ளே ஈரத்தைப் பொத்தி வைக்கும்.

இன்னொன்று, இது முழுக்க என் பிடிவாதம், எல்லாப் பொடி வேலைக்காரரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். வேலையைப் புரட்டாதியில் முடித்துக்கொண்டு, அந்த முதல் மாரி கழியும்வரை சீலிங் அடிக்காதீர்கள், வாகனத்தை வேண்டுமென்றே வெளியில் நிறுத்துங்கள். அசிங்கமாகத்தான் இருக்கும், வயரெல்லாம் தொங்கும். ஆனால் ஒவ்வொரு துளியும் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்ணால் காண்பீர்கள். தை பிறந்ததும் பலகை அடித்து, அந்தக் கொட்டிலையும் கட்டிக்கொள்ளலாம்.

சீட்டைக் கழற்றுவதற்கும் கூரையை வெட்டுவதற்கும் முன்னால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டு, பதிவுப் புத்தகத்தில் என்ன மாற வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். காப்புறுதிக்காரரிடமும் எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

கோஸ்டர் பார்க்கப் போகும்போது டோர்ச், ஈர்க்கு, பழைய துணி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஜன்னல்களின் கீழ் மூலை, பின்சில்லு வளைவு, கூரைத் தவாளிப்பு மூன்றையும் விரலால் தடவுங்கள். பெயின்ட்டுக்குக் கீழே குமிழ் தட்டுப்பட்டால் உள்ளே கறள் வெகுதூரம் போயிருக்கும். தரை றப்பரைக் கதவடியில் கொஞ்சம் தூக்கி மணந்து பாருங்கள். நாலு வருட வாகனத்தில் ஒரு மூலைக்கு மட்டும் புத்தம்புதிதாகப் பசை பூசியிருந்தால், அதை ஏன் பூசினார்கள் என்று கேளுங்கள். முடியுமானால் இரவு நல்ல மழை பெய்த அடுத்த நாள் காலையில், சொல்லாமல் போய் நில்லுங்கள். விற்பவர் "இண்டைக்கு வேணாம், வெயில் எறிச்ச பிறகு வாங்க" என்றால், அங்கே ஒரு தேத்தண்ணியைக் குடித்துவிட்டு அடுத்த வாகனத்தைப் பார்க்கப் போகலாம்.